டர்போ மாட்டினால் மட்டும் போதுமா? பழைய மியாட்டா சொல்லும் கணக்கு

இன்று ஷோரூமில் நிற்கும் 1 லிட்டர் காரின் பின்னால்கூட ‘டர்போ’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பழைய காருக்கும் ஒரு டர்போவை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றலாம். ஆனால், மாட்டுவது எளிதான பாதி. அதற்குப் பிறகு இன்ஜினை உயிரோடு வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

இதற்கு நல்ல உதாரணம் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது. இரண்டே சீட், மடக்கும் துணிக் கூரை, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. முன்னால் இருக்கும் 1.6 லிட்டர் இன்ஜின் பின்சக்கரங்களை இயக்கும். அமெரிக்க மாடலில் 116 குதிரைத்திறன். வளைவுகளில் இதை ஓட்டும் சுகமே தனி. நேர் சாலையில்தான் பிரச்சினை. இன்றைய சாதாரண ஃபேமிலி கார்கூட முந்திக்கொண்டு போய்விடும். டர்போ ஆசை பிறப்பது அங்கேதான்.

டர்போ என்ன செய்கிறது?

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுழலும் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 14.7 பிஎஸ்ஐ. டர்போ அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ கொடுத்தால், காகிதக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. காற்றை அழுத்தினால் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் முன்பம்பருக்குப் பின்னால் ‘இன்டர்கூலர்’ வைக்கிறார்கள்.

சரி, சிக்கல் எங்கே?

காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும். பழைய 1.6 லிட்டர் மியாட்டாவில் உள்ளே வரும் காற்றை அளப்பது ஒரு சின்ன மடல். காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். எவ்வளவு திறந்தது என்று பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அனுப்பும். மடல் முழுசாகத் திறந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் கால இன்ஜெக்டர்களால் தேவையான பெட்ரோலைத் தர முடியாது.

பெட்ரோல் குறைந்தால் உள்ளே வெப்பம் எகிறும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். டர்போ ஓடும்போது கடுமையாக நாக்கிங் வந்தால் பிஸ்டன் உடைய, ஹெட் கேஸ்கெட் போக சில விநாடிகளே போதும்.

இந்த இன்ஜினுக்கு ஆபத்து இன்னும் கொஞ்சம் அதிகம். டர்போ இல்லாமல் ஓடுவதற்காகவே வடிவமைத்ததால் இதன் கம்ப்ரஷன் விகிதம் 9.4. இதே இன்ஜின் குடும்பத்திலிருந்து மாஸ்டா தன் 323 காருக்கு டர்போ இன்ஜின் செய்தபோது அந்த விகிதத்தை 8-க்கும் கீழே இறக்கியது. வீட்டில் டர்போ மாட்டுபவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் இன்ஜினையே பிரிக்கணும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் செலவழிப்பது டர்போவுக்கு அல்ல, மெகாஸ்கொயர்ட் போன்ற மாற்று கம்ப்யூட்டருக்கும் பெரிய இன்ஜெக்டர்களுக்கும். சாதாரணமாக 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று இருக்கும் கலவையை, டர்போ அழுத்தும்போது 12 பங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஸ்பார்க்கையும் சற்றுத் தாமதமாக்குவார்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, கலவை சரியாக இருக்கிறதா என்று காட்டும் ‘வைட்பேண்ட்’ மீட்டர் இல்லாமல் இதில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி.

இன்ஜின் பிழைத்தாலும் அடுத்தடுத்த பாகங்கள் வரிசையில் நிற்கும். பழைய கிளட்ச் வழுக்கும். ரேடியேட்டர் திணறும். 1.6 மாடலின் டிஃபரன்ஷியல் சிறியது, 1994-ல் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது மாஸ்டாவே அதைப் பெரிதாக்கியது. குதிரைத்திறன் 250-ஐ நெருங்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடுமோ என்ற பயம் வேறு.

மாஸ்டா என்ன செய்தது என்று பார்த்தாலே அளவு புரியும். 2004-ல் வந்த மாஸ்டாஸ்பீட் எம்எக்ஸ்-5-ல் கம்பெனியே டர்போ பொருத்தியது. 1.8 லிட்டர் இன்ஜினிலிருந்து எடுத்தது 178 குதிரைத்திறன்தான். அதற்கே 6 கியர் பெட்டி, இறுக்கமான சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது. ஒரு டன் எடையுள்ள காருக்கு இதுவே தாராளம். 300, 400 என்று துரத்துபவர்கள் கடைசியில் வாங்குவது இன்னொரு இன்ஜின்.

செலவு? பல நேரம் டர்போ வேலைக்கு ஆகும் பணத்தில் இன்னொரு பழைய மியாட்டாவையே வாங்கிவிடலாம். வேலையைத் தொடங்கும் முன் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுப்பது மட்டும் கிட்டத்தட்ட இலவசம். அதில் ஒரு சிலிண்டர் பலவீனமாக இருந்தாலும் டர்போவை மறந்துவிடலாம்.

சட்டமும் இருக்கிறது. கலிபோர்னியாவில் புகையைப் பாதிக்கும் எந்த மாற்றுப் பாகத்துக்கும் மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். அந்த எண் இல்லாத டர்போ புகைச் சோதனை மையத்தில் கண்ணில் பட்டால், வெளிவரும் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கார் ஃபெயில்தான்.