குளிர் குறையுங்கால் கால்நடைகளைப் புழு, உண்ணியினின்றும் காத்தல்

நுவரெலியா நகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினதே. இக்குளிர் பிறிசியன், ஜேர்சி, அயர்சயர் ஆகிய ஐரோப்பிய இனப் பசுக்களுக்கு உகந்தது. ஒட்டுண்ணிகளுக்கோ ஓரளவு தடையாயிருந்தது. 1961 முதல் 1990 வரை இலங்கையின் வெப்பநிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.016 பாகை வீதம் உயர்ந்தது. இவ்வாறு குளிர் குறையக் குறைய, அத்தடையும் தளர்கின்றது.

இரைப்பைப் புழு

ஆடுமாடுகளின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சி வாழும் புழுவின் முட்டை சாணத்துடன் வெளிவருகின்றது. வெப்பநிலை 10 பாகைக்குக் குறைந்தால் அது பெரும்பாலும் பொரியாது. வெப்பமும் ஈரமும் சேருமாயின், ஒரு வாரமளவில் நோய் தரும் இளம்புழுவாகிப் பனிநீர் படிந்த புல்லில் ஏறும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லிலீற்றர் இரத்தம் உறிஞ்சும். 2,000 புழுக்களிருப்பின் 100 மில்லிலீற்றர் போய்விடும். ஆட்டின் கீழிமையின் உட்புறம் வெளிறுதலும் தாடையின் கீழ் வீங்குதலும் இதன் அறிகுறிகளாம்.

உண்ணி

மாட்டுண்ணி மூன்று வாரமளவு மாட்டின் உடலில் தங்கி, பின் நிலத்தில் விழுந்து 2,000க்கு மேற்பட்ட முட்டைகளிடும். குளிரில் அவை பொரிக்கத் தாமதமாகும். வெப்பத்தில் விரைந்து பொரிக்கும். உண்ணிக் காய்ச்சல் கண்ட பசு தீனி மறுக்கும், பால் குறையும், சில வேளை சிறுநீர் சிவக்கும். ஐரோப்பிய இனங்களை இது கடுமையாகத் தாக்கும். சிறுநீர் சிவந்தால் அன்றே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

செய்யவேண்டுவன

1. காலைப் பனி உலர்ந்த பின்னரே புல் அறுக்க. அடியில் நான்கு விரற்கடை விட்டு அறுக்க. இளம்புழு பெரும்பாலும் அடிப்பகுதியிலேயே தங்கும்.

2. கோவா, கரட், லீக்ஸ் பாத்திகளுக்குப் பச்சைச் சாணம் இடற்க. அவ்விடத்து வரப்புப் புல்லையும் கழித்த இலைகளையும் மாடு தின்னும்போது, புழு மீண்டும் அதன் வயிற்றையே சேரும். சாணத்தைக் கூட்டெருவாக்குக. குவியலின் உட்சூடு 55 பாகைக்கு மேல் சில நாட்கள் நிற்பின் முட்டைகள் அழியும். வெளிப்புறம் உள்ளே செல்லுமாறு புரட்டுதல் அவசியம்.

3. வாரந்தோறும் காதின் உட்புறம், மடி, வாலடி ஆகியவற்றில் உண்ணி உளதாவெனப் பார்க்க.

4. பழைய மாதக் கணக்கை மட்டும் நம்பி மருந்து கொடுத்தல் இனிப் போதாது. சாணத்தைப் பரிசோதிப்பித்து, உடல் நிறைக்கேற்ற முழு அளவு கொடுக்க. குறைந்த அளவு கொடுப்பின் எஞ்சும் புழுக்கள் மருந்துக்கு அடங்காதனவாய்ப் பெருகும். மருந்திட்டபின் எத்தனை நாள் பாலை விலக்கவேண்டுமென்பதையும் வைத்தியரிடம் கேட்டறிக.

குளிர் செய்துவந்த காவலை இனிக் கமக்காரரே செய்தல் வேண்டும்.