உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்தில் இறங்கிய பந்தயப் புறா

கடலூரிலோ சிதம்பரத்திலோ உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு புறா வந்து இறங்குகிறது. ஆளைக் கண்டும் பறக்கவில்லை. முதலில் காலைப் பாருங்கள். வளையம் இருந்தால் அது பெரும்பாலும் யாரோ பாசமாக வளர்க்கும் ஹோமர், அதாவது பந்தயப் புறா.

அந்த வளையத்தைப் பெரிய புறாவுக்கு மாட்டவே முடியாது. பொரித்துப் பத்து நாளுக்குள், விரல்களைச் சேர்த்துப் பிடித்து நுழைத்துவிடுவார்கள். கால் பருத்தபின் கழலாது. பிறந்த ஆண்டும் வரிசை எண்ணும் அதில் பொறித்திருக்கும். புறாவின் பிறப்புச் சான்றிதழே அதுதான்!

சிதம்பரம் கோபுரத்தில் அடையும் மாடப்புறாவும் ஹோமரும் ஒரே இனம். ஹோமருக்கு நெஞ்சு அகலம். அலகுக்கு மேலே வெள்ளைத் தசை எடுப்பாகத் தெரியும். பெல்ஜியத்தின் ‘நியூ கிம்’ என்ற பெட்டைப் பந்தயப் புறா 2020-இல் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது.

சென்னையிலிருந்து கடலூர் வான்வழியில் சுமார் 155 கி.மீ. நல்ல ஹோமருக்கு இது இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்தான். சூரியன், பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை எல்லாம் அதற்கு வழி சொல்கின்றன. தெரிந்த பகுதியில் நெடுஞ்சாலையைப் பார்த்தே பறக்கிறது என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். மழை, எதிர்காற்று, துரத்தும் பைரி, தாகம்: இவற்றில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் அதைத் தரையிறக்குகிறது.

தீனிக்கு முன்னால் தண்ணீர். கோழியைப் போலப் புறா அண்ணாந்து குடிக்காது. அலகை மூழ்கவிட்டு ஒரே மூச்சில் உறிஞ்சும். ஆகவே தட்டையான தட்டு போதாது. ஓர் அங்குலத்துக்குக் குறையாத ஆழமுள்ள கிண்ணம் வையுங்கள். பிறகு கம்பு, சோளம், பச்சைப்பயறு, எல்லாம் வேகவைக்காமல். சோறு, ரொட்டி, பால் கூடவே கூடாது. இரவில் பூனைக்குப் பயந்து பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு, வானம் தெளிந்த காலையில் திறந்துவிட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். இறக்கை தொங்கினாலோ கழுத்து திருகிக்கொண்டாலோ கால்நடை மருத்துவமனைதான். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இறக்கையில் புரியாத எழுத்து இருந்தால் பதற வேண்டாம். பந்தய முத்திரையை இறகில் குத்துவது வழக்கம். 2023 மே மாதம் மும்பை செம்பூரில் அப்படி ஒரு புறா உளவுச் சந்தேகத்தில் பிடிபட்டது. கடைசியில் அது தைவானின் பந்தயப் புறா என்று தெரிந்தது. ஒரு பாவமும் அறியாத அந்தப் பறவை எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்து, 2024 ஜனவரியில்தான் விடுதலையானது.

ஒடிசா காவல்துறை 1946 முதல் புறாத் தபால் நடத்தியது. 1999 பெரும்புயலில் தொலைபேசி செத்துப்போனபோதும் செய்தி சுமந்தவை அந்தப் புறாக்கள்தான்.

புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபியின் வழிவந்தவர்கள் என்று சோழர்கள் சொல்லிக்கொண்டார்கள். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த பராந்தகனும் அந்த வழிதான்.

வளைய எண்ணைப் படம் எடுத்துப் பக்கத்துப் புறா வளர்ப்பவர்களிடம் காட்டுங்கள். எண்ணை முழுதாக ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்; ஒரு பகுதியை மறைத்துவிடுங்கள். உரிமை கொண்டாட நாலு பேர் வருவார்கள். மீதி எண்ணைச் சரியாகச் சொல்பவரிடம் ஒப்படையுங்கள். தயவுசெய்து இறக்கையை மட்டும் வெட்டாதீர்கள்.