ஈரக் காய்கறி நிரப்பும் இயந்திரம்

ஈரக் காய்கறி நிரப்பும் இயந்திரம் என்பது கழுவிய, நறுக்கிய, வெந்நீரில் இட்டெடுத்த அல்லது உப்புக்கரைசலில் ஊறிய காய்கறிகளைக் குறித்த அளவுகளாகப் பிரித்துக் கொள்கலன்களில் இடும் இயந்திரம் ஆகும். தகர டப்பா, கண்ணாடிச் சாடி, நெகிழிப் பை, தட்டு ஆகியன இவ்வாறு நிரப்பப்படும் கொள்கலன்கள் ஆகும். பட்டாணி, மக்காச்சோளம், நறுக்கிய பீன்ஸ், கேரட் துண்டுகள், பசலைக்கீரை, புளிக்கவைத்த முட்டைக்கோசு, ஊறவைத்த வெள்ளரிப்பிஞ்சு முதலியவற்றைப் பெருமளவில் பொதி செய்யும் தொழிற்சாலைகளில் இவை பயன்படுகின்றன.

பார்வைக்கு எளிய வேலையாகத் தோன்றினாலும், இவ்வியந்திரம் செய்யும் பிழை இருபுறமும் தீங்கு தரக்கூடியது. அளவு குறைந்தால் வாங்குபவர் ஏமாற்றப்படுகின்றார். அளவு கூடினால் உற்பத்தியாளருக்கு இழப்பு ஏற்படுகின்றது. அதைவிட முக்கியமாக, டப்பாவில் அடைத்து வெப்பமூட்டப்படும் காய்கறிகளில், அளவுக்கு மிஞ்சிய நிரப்பல் உண்பவரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

ஈரத்தால் எழும் இடர்ப்பாடுகள்

அரிசி, உலர்ந்த பருப்பு போன்றவை ஏறத்தாழ நீர்மம் போலவே வழிந்தோடும். ஒரு படியில் அள்ளித் தலைதட்டினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எடை கிடைக்கும். ஈரக் காய்கறிகள் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. இதற்குப் பின்வருவன காரணங்களாகும்.

* ஒட்டும் தன்மை: துண்டுகளின் மேல் படிந்துள்ள மெல்லிய நீர்ப்படலம், பரப்பு இழுவிசையினால் ஒரு துண்டை மற்றொன்றுடனும் இயந்திரத்தின் உலோகச் சுவருடனும் பிணைக்கின்றது. நறுக்கிய பரப்பில் கசியும் சாறு இப்பிணைப்பை மேலும் வலுவாக்குகின்றது. இலைகளும் மெல்லிய வில்லைகளும் பரப்பு மிகுந்தவை, எடை குறைந்தவை. எனவே அவை தம் எடையினால் மட்டும் விடுபட்டு விழுவதில்லை.
* பின்னிக்கொள்ளும் தன்மை: நீளமாகச் சீவிய முட்டைக்கோசு, கீரை போன்றவை ஒன்றோடொன்று பின்னிக் கட்டிகளாகின்றன. ஒரு கட்டி முழுதாக விழும்போது அளவு திடீரெனக் கூடுகின்றது.
* மாறும் அடர்த்தி: துண்டுகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் துண்டின் வடிவையும் மென்மையையும் பொறுத்து மாறுகின்றது. ஆகவே ஒரே கொள்ளளவு எப்போதும் ஒரே எடையைத் தருவதில்லை.
* நீரின் எடை: காய்கறியுடன் ஒட்டிவரும் நீரும் தராசில் எடையாகக் காட்டப்படுகின்றது. சற்று நேரம் கழித்து அந்நீர் வடிந்துவிடுவதால், நிறுத்தபோது சரியாக இருந்த எடை பின்னர் குறைந்துவிடுகின்றது.

வரலாறு

பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் கொதிநீரில் இட்டுப் பாதுகாக்கும் முறையை 1810ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்டு, தகரக் கொள்கலன்களையும் உள்ளடக்கிய காப்புரிமையைப் பெற்றார்.

19ஆம் நூற்றாண்டில் பெரிதும் வழங்கிய தகர டப்பாவின் மேல்மூடியில் ஒரு துளை மட்டுமே இருந்தது. காய்கறிகளை அத்துளை வழியாக உள்ளே திணித்து, பின்னர் ஒரு சிறு மூடியை வைத்து ஈயப்பற்று இட்டு அடைத்தனர். இதனால் நிரப்பும் வேலை பெரும்பாலும் கைவேலையாகவே நீடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்புறம் முழுவதும் திறந்த டப்பாவும், அதன் விளிம்பையும் மூடியையும் இரட்டை மடிப்பாக மடித்து இறுக்கும் முறையும் பரவின. வாய் அகன்ற டப்பா கன்வேயர் பட்டையில் இடைவிடாது நகர, அதன் மேல் ஓர் இயந்திரம் காய்கறியைக் கொட்டுவது அதன் பின்னரே எளிதாயிற்று. நிரப்பும் இயந்திரத்தின் வளர்ச்சிக்குக் கொள்கலனின் வடிவமாற்றமே வழி திறந்தது எனலாம்.

வகைகள்

கிண்ண நிரப்பி

இது கொள்ளளவை அடிப்படையாகக் கொண்டது. சுழலும் வட்டத்தட்டு ஒன்றில் உருளை வடிவக் கிண்ணங்கள் பல பொருத்தப்பட்டிருக்கும். மேலிருந்து விழும் பட்டாணி அல்லது மக்காச்சோள மணிகள் கிண்ணங்களை நிரப்ப, ஒரு தூரிகை மிகுதியைத் தள்ளிவிடும். கிண்ணம் டப்பாவிற்கு நேர்மேலே வரும்போது அதன் அடிப்பகுதி திறந்து, உள்ளிருப்பது டப்பாவில் விழும். ஒவ்வொரு கிண்ணமும் ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு பகுதிகளால் ஆனது. அவற்றை நெருக்கியோ விலக்கியோ கொள்ளளவை மாற்றலாம்.

உருண்டை வடிவினவும் சிறு கனசதுரத் துண்டுகளும் இதற்கு ஏற்றவை. எனினும் முற்றிய பட்டாணி இளம் பட்டாணியைவிட அடர்த்தி மிக்கது. ஆகையால் ஒரே கிண்ணம் வெவ்வேறு சரக்கிற்கு வெவ்வேறு எடையைத் தரும். இதனைத் திருத்த, நிரப்பிய டப்பாக்களில் சிலவற்றை அவ்வப்போது நிறுத்துப் பார்த்துக் கிண்ணத்தின் அளவைச் சரிசெய்கின்றனர்.

புரள் உருளை நிரப்பி

நறுக்கிய பீன்ஸ், வெள்ளரி, ஒலிவக்காய் போன்று கிண்ணத்தில் ஒழுங்காக அடங்காத காய்கறிகளுக்கு இது பயன்படுகின்றது. கிடைமட்டமாகச் சுழலும் பெரிய உருளை ஒன்றினுள் திறந்த கொள்கலன்கள் வரிசையாகச் செல்கின்றன. உருளையின் உட்சுவரில் உள்ள தகடுகள் காய்கறியை மேலே தூக்கிச் சென்று கொள்கலன்களின் மேல் பொழிகின்றன. உள்ளே விழாதவை மீண்டும் உருளையின் அடிக்குத் திரும்புகின்றன. கொள்கலன்கள் சற்றே சாய்ந்த நிலையில் அதிர்ந்துகொண்டே செல்வதால் மிகுதி வழிந்துவிடும். சாய்வைக் கூட்டினால் நிரப்பல் குறையும், குறைத்தால் கூடும். இவ்வாறு நிரம்பிய கொள்கலன்களை இறுதியில் பணியாளர்கள் கைகளால் சரிசெய்வதும் வழக்கம்.

பிஸ்டன் நிரப்பி

பொடியாக நறுக்கிய காய்கறி தன் சாற்றுடனோ குழம்புடனோ கலந்திருக்கும்போது பிஸ்டன் நிரப்பி ஏற்றது. பிஸ்டன் பின்வாங்கும்போது கலவை உருளைக்குள் இழுக்கப்படுகின்றது. முன்னேறும்போது கொள்கலனுக்குள் தள்ளப்படுகின்றது. பிஸ்டன் நகரும் தொலைவே அளவைத் தீர்மானிக்கின்றது. துண்டுகள் நசுங்காமல் இருக்கக் குழாய்களும் வால்வுகளும் அகன்றவையாக இருத்தல் வேண்டும். கலவையில் துண்டுகள் அடியில் தங்கிவிட்டால் ஒரு சாடியில் சாறும் மற்றொன்றில் துண்டுகளும் மிகும். ஆதலால் தொட்டியில் உள்ளதை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பல்தலை எடை இயந்திரம்

இது கொள்ளளவை விடுத்து எடையையே நேரடியாக அளக்கின்றது. யப்பானின் கியோத்தோ நகரைச் சேர்ந்த இசிடா நிறுவனம் 1972ஆம் ஆண்டில் இதனை உருவாக்கியது. குடைமிளகாயைச் சம எடையுள்ள பொதிகளாகப் பிரிக்க வேண்டிய தேவையே இதன் தோற்றத்திற்குக் காரணமாயிற்று. ஒவ்வொரு குடைமிளகாயும் வெவ்வேறு எடை கொண்டது. எடையைச் சரிசெய்வதற்காக அதனை வெட்டவும் இயலாது.

இவ்வியந்திரத்தில் பல சிறு எடைத்தொட்டிகள் வட்டமாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் மொத்த அளவின் ஒரு பகுதி மட்டும் விழுகின்றது. எடை உணரிகள் அவற்றை நிறுத்தவுடன், எந்தத் தொட்டிகளைச் சேர்த்தால் வேண்டிய எடைக்கு மிக நெருங்கி வரும் எனக் கணினி கணக்கிடுகின்றது. எடுத்துக்காட்டாக, ஐந்து தொட்டிகளில் முறையே 23, 31, 27, 36, 42 கிராம் உள்ளன என்றும், வேண்டிய எடை 100 கிராம் என்றும் கொள்வோம். 31, 27, 42 ஆகிய மூன்றையும் சேர்த்தால் சரியாக 100 கிராம் கிடைக்கும். அம்மூன்று தொட்டிகள் மட்டும் திறக்கப்பட்டு, பின்னர் மீண்டும் நிரப்பப்படும். 14 தொட்டிகளில் நான்கைத் தேர்ந்தெடுக்க 1001 வழிகள் உள்ளன. எனவே ஒவ்வொரு தொட்டியிலும் உள்ள எடை சீரற்றதாக இருப்பினும் கூட்டுத்தொகை சீராக அமைகின்றது.

ஈரக் காய்கறிக்கான வகைகளில் சில மாற்றங்கள் செய்யப்படுகின்றன. தொட்டிகளின் சுவர்களில் சிறு புடைப்புகள் இடப்படுகின்றன. இதனால் நீர்ப்படலம் முழுப்பரப்பையும் பற்ற இயலாது. சரிவுகள் செங்குத்தாக்கப்படுகின்றன. அதிரும் தட்டுகளுக்கு மாற்றாகத் திருகுகள் காய்கறியைத் தள்ளிக் கொடுக்கின்றன. சிலவற்றில், கதவு திறக்கும்போது ஒரு தகடு சுவரைச் சுரண்டி ஒட்டியதை விழச் செய்கின்றது.

நிரப்பும் அளவும் உணவுப் பாதுகாப்பும்

காற்றுப் புகாத டப்பாவில், அமிலம் குறைந்த காய்கறியில், குளோசுட்ரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிரி வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். இதன் வித்துகள் கொதிநீரின் வெப்பத்தையும் நீண்ட நேரம் தாங்குபவை. ஐக்கிய அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டில், போதிய வெப்பம் பெறாத ஒலிவக்காய்களை உண்ட பலர் இந்நஞ்சினால் இறந்தனர். அதனைத் தொடர்ந்து இவ்வித்துகள் வெப்பத்தைத் தாங்கும் திறன் விரிவாக ஆராயப்பட்டது. எசுட்டி, மேயர் ஆகியோரின் ஆய்வு 1922ஆம் ஆண்டில் வெளியானது. வெப்பமூட்டும் நேரத்தைக் கணக்கிடும் முறையை ஒலின் பால் 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். டப்பாவின் மிகவும் தாமதமாகச் சூடேறும் புள்ளியும் 121 பாகை செல்சியசில் ஏறத்தாழ 3 நிமிடம் இருந்ததற்கு ஈடான வெப்பத்தைப் பெற வேண்டும் என்பது பொதுவான அடிப்படையாகும்.

வெப்பம் அப்புள்ளியை எவ்வளவு விரைவில் அடைகின்றது என்பது நிரப்பலைப் பொறுத்தது. உப்புக்கரைசலில் பட்டாணி தளர்வாக மிதக்கும்போது, சூடான நீர் மேலெழுந்தும் குளிர்ந்த நீர் கீழிறங்கியும் வெப்பச்சலனம் நிகழ்கின்றது. டப்பாவில் காய்கறி நெருக்கமாகத் திணிக்கப்பட்டால் நீர் நகர வழியில்லை. வெப்பக்கடத்தல் மட்டுமே எஞ்சும். அது மிகவும் மெதுவானது. பசலைக்கீரையில் இவ்விடர் மிகுதி. வெந்த இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து அடுக்குகளாகி, நீரோட்டத்தைத் தடுத்துவிடுகின்றன. தளர்வாக நிரம்பிய டப்பாவிற்கென வகுத்த நேரம், திணித்து நிரம்பிய டப்பாவிற்குப் போதாது. வெளித்தோற்றத்தில் இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. இதனால்தான் நிரப்பக்கூடிய மிகக்கூடிய எடை, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றோடு ஒருங்கே கண்காணிக்கப்பட வேண்டிய காரணியாகக் கருதப்படுகின்றது.

காடியில் ஊறும் காய்கறிகளுக்கும் இதை ஒத்த விதி உண்டு. இவற்றில் காரகாடித்தன்மைச் சுட்டெண் 4.6 அல்லது அதற்குக் கீழ் இருப்பதே பாதுகாப்பாகும். காய்கறி மிகுந்து காடி குறைந்தால், காய்கறியின் உள்நீர் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து சுட்டெண்ணை உயர்த்திவிடும்.

எடையும் சட்டமும்

நீருடன் விற்கப்படும் காய்கறிக்கு இரு எடைகள் உண்டு. ஒன்று நீரும் சேர்ந்த நிகர எடை. மற்றொன்று நீர் வடித்த எடை. நீர் வடித்த எடையை அறிய, டப்பாவில் உள்ளதைச் சாய்வான சல்லடையில் கொட்டி 2 நிமிடம் வடியவிட்டு நிறுப்பர்.

பொதிகளின் அளவுப்பிழைக்குப் பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பு எல்லை வகுத்துள்ளது. 300 முதல் 500 கிராம் வரையுள்ள பொதியில் பொறுத்துக்கொள்ளத்தக்க குறைவு 3 விழுக்காடு ஆகும். 500 முதல் 1000 கிராம் வரை 15 கிராம் ஆகும். அதாவது 400 கிராம் பொதியில் 12 கிராம். ஆயினும் பொதிகளின் சராசரி, குறிப்பிட்ட எடைக்குக் குறையலாகாது. எனவே இயந்திரத்தின் ஏற்ற இறக்கம் மிகுந்திருந்தால், சட்டத்திற்கு உட்படுவதற்காக உற்பத்தியாளர் சராசரியை உயர்த்தி வைக்க நேரிடும். நிமிடத்திற்கு 200 டப்பா நிரப்பும் வரிசையில் ஒவ்வொன்றிலும் 5 கிராம் மிகுந்தால், ஒரு மணி நேரத்தில் 60 கிலோகிராம் காய்கறி மிகையாகச் செல்லும். துல்லியமான இயந்திரம் இவ்விழப்பையும், மிகை நிரப்பலின் ஆபத்தையும் ஒருங்கே குறைக்கின்றது.

தூய்மை

ஈரமும் காய்கறிச் சாறும் தங்கும் இடுக்குகளில் நுண்ணுயிரிகள் பெருகும். குளிரிலும் வளரவல்ல லிஸ்டீரியா, உறைய வைத்த காய்கறி ஆலைகளில் குறிப்பாக அஞ்சப்படுகின்றது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பரவிய லிஸ்டீரியா நோய், உறைய வைத்த மக்காச்சோளத்துடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. ஆகவே காய்கறி படும் பகுதிகள் துருப்பிடிக்காத எஃகினால், கருவிகள் இன்றிக் கழற்றிக் கழுவத்தக்கவாறு அமைக்கப்படுகின்றன. உப்பும் காடியும் படும் இடங்களில், அரிப்பைத் தாங்கும் பொருட்டு மாலிப்டினம் கலந்த எஃகு வகை பயன்படுகின்றது.

இந்தியாவில்

இந்தியாவில் கெர்கின் எனப்படும் சிறுவெள்ளரி, ஏற்றுமதிக்காக 1990களின் தொடக்கத்திலிருந்து பயிரிடப்படுகின்றது. கருநாடகத்தில் தொடங்கிய இச்சாகுபடி பின்னர் தமிழ்நாடு, ஆந்திரம் ஆகியவற்றுக்கும் பரவியது. பிஞ்சுகள் பருமனுக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டு, உப்புக்கரைசலிலோ காடியிலோ இடப்பட்டுப் பீப்பாய்களிலும் சாடிகளிலும் அனுப்பப்படுகின்றன. பொதியின் எடையைப் பொறுத்தவரை 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பொதியிடப்பட்ட பொருட்களுக்கான விதிகளும் உள்நாட்டு விற்பனைக்குப் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

* உணவுப் பதப்படுத்தல்
* தகர டப்பாவில் அடைத்தல்
* நிக்கோலா அப்பேர்
* பரப்பு இழுவிசை
* வெப்பச்சலனம்
* ஊறுகாய்