பானைக் கருமைக்குள் நானோகுழாய்

பழைய பானை ஓட்டின் உட்புறக் கருமையைச் சற்று உற்றுப் பாருங்கள். கீழடியில் கிடைத்த, கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் இத்தகைய கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்து 2020இல் வெளியிட்டார்கள். 1991இல் ஜப்பானியர் சுமியோ இஜிமாவின் ஆய்வால் உலகின் கவனத்துக்கு வந்த அதே குழாய்கள்தாம்! கீழடிக் குழாய்களின் சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர்; நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு.

குயவர் இதை அறிந்து செய்தார் எனச் சொல்வதற்கில்லை. தாவரச் சாறு எதையோ பூசிச் சூளையில் சுட்டபோது, கடும் வெப்பத்தில் தானாக உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடந்தும் பூச்சு உரியவில்லை.