கண்ணுக்குத் தெரியாத பிரிவு

மழையில் நனைந்த ஒட்டுப்பலகை ஏடு ஏடாகப் பிரிவதை நாம் அறிவோம். விமானப் பாகங்கள் பலவும் கரியிழையைப் பிசினால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படுபவையே. அங்கே உள்ளே ஒட்டு விட்டால் கண்ணுக்குத் தெரியாது.

2005 மார்ச் 6ஆம் நாள் கியூபாவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் விமானம் ஒன்றின் வால் சுக்கான் நடுவானில் பிய்ந்துபோயிற்று. அதனுள் முன்பே ஒட்டு விட்டிருக்கக்கூடும் என்றது விசாரணை. விமானம் திரும்பி வந்து இறங்கியதால் அதிலிருந்தோர் உயிர் தப்பினர்.

இத்தகைய பிரிவைக் கணினி எப்படி முன்கூட்டிச் சொல்கிறது? அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பசையை வரிசையான சிறு சுருள்வில்களாக அது கணக்கில் வைக்கிறது. சுமை ஏற ஏற அவை இழுபடும். தாங்கும் அளவைத் தாண்டியது அறும். அதன் பாரம் அடுத்ததன்மேல் விழும். பிரிவு எங்கே தொடங்கும், எவ்வளவு பரவும் என்று இப்படித் தெரியவரும். ஆனால் பசையின் பலத்தை உண்மையான துண்டுகளைப் பிரித்துப் பார்த்தே அளக்கவேண்டும். அளவு தவறினால் கணக்கும் தவறும்.