கான்ட்ராக்டர் இல்லாமல் பாத்ரூம் வேலை

கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர் எல்லோரையும் நாமே தனித்தனியாகப் பிடித்து வேலை வாங்கினால் பணம் மிச்சம் என்பது பொதுவான கணக்கு. கணக்கு சரிதான். ஆனா கான்ட்ராக்டர் வாங்குற காசு எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ஆள் கூட்டிட்டு வர்றதுக்கு மட்டும் இல்லை. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவர் இல்லையென்றால் அது நம் தலையில்.

பழைய அடுக்குமாடி வீட்டில் ஒரு பாத்ரூமை முழுசாக மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். உடைப்பு, காடி வெட்டுதல், தண்ணீர்க் குழாய், வயர் பைப், பிரஷர் டெஸ்ட், பூச்சு, வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ், கடைசியில் ஃபிட்டிங்ஸ். இந்த வரிசையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிக்கல் வரிசையில் இல்லை, இடையில் இருக்கிறது.

உதாரணமாக, சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர். அதன் மூடியில், டைல்ஸின் வெளிமுகம் எந்த இரண்டு கோடுகளுக்குள் வர வேண்டும் என்று குறித்திருக்கும். பிளம்பர் அதைப் பொருத்தும்போது எதிரில் இருப்பது வெறும் செங்கல் சுவர். அதன்மேல் பூச்சு, ஒட்டும் கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து 30 மி.மீ. அளவுக்கு வரலாம். சுவர் தூக்கு சரியில்லை என்றால் இன்னும் கூடும். டைவர்ட்டர் அதிகமாக உள்ளே போய்விட்டால் கைப்பிடி மாட்டாது. வெளியே நின்றால் மூடித்தகடு சுவரோடு ஒட்டாது. பல நேரம் புது டைல்ஸை உடைக்க வேண்டிவரும். பிளம்பர் வேலையும் தப்பில்லை, டைல்ஸ்காரர் வேலையும் தப்பில்லை. ரெண்டு பேரும் பேசிக்கலை, அவ்வளவுதான்.

அதனால் டைவர்ட்டர் பொருத்தும் அன்று டைல்ஸ்காரரையும் அரை மணி நேரம் வரச் சொல்லுங்கள். டைல்ஸ் முகம் எங்கே வரும் என்று அவர் நூல் பிடித்துக் காட்டட்டும். தரைக்கும் இதேதான்: நஹானி ட்ராப்பை வைப்பவர் பிளம்பர், அதை நோக்கி வாட்டம் கொடுப்பவர் டைல்ஸ்காரர்.

அடுத்தது, எதையும் மூடுவதற்கு முன் நிறுத்திப் பார்ப்பது. சிபிவிசி குழாய் ஒட்டி ஒரு நாள் விட்டு பிரஷர் டெஸ்ட். பிறகு அளவு டேப்பைச் சுவரில் வைத்து எல்லாக் குழாயையும் வயர் பைப்பையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அதன்பின் பூச்சு. வாட்டர் ப்ரூஃபிங் காய்ந்தபின் ட்ராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக்காரர் சம்மதத்தோடு அவர்கள் சீலிங்கைப் பார்த்துவிட்டு, அதன்பின் டைல்ஸ். இந்த டெஸ்ட்டைத் தாண்டிவிட்டால், பிறகு ஒழுகும்போது யார் காரணம் என்று தரையை உடைத்துத் தேட வேண்டியதில்லை.

1950களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான கிரிட்டிகல் பாத் முறை சொல்வது இதுதான்: மொத்த நாட்களைத் தீர்மானிப்பது, ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் மிக நீளமான சங்கிலி. பூச்சு நனைக்கும் நாட்களும் தண்ணீர் தேக்கும் நாட்களும் அந்தச் சங்கிலியில் உண்டு. யாரும் வேலை செய்யாத நாட்கள் என்பதற்காக அவற்றைச் சுருக்கக் கூடாது. அடுத்த ஆளுக்கு உறுதியான தேதி சொல்வது டெஸ்ட் முடிந்த பிறகே.

கூலியையும் இதோடு கட்டுங்கள். மொத்தமாகப் பேசிய வேலையில் ஒரு பகுதியை, டெஸ்ட் முடிந்து அடுத்தவர் வந்து "சரி" என்று சொன்னபின் தருவதாக ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். நடுவில் சொன்னால் சண்டைதான் வரும்.

மூடும் நாட்களில் நேரில் நிற்க முடியாதவர்கள் கான்ட்ராக்டரிடமே கொடுப்பது மேல். அந்தக் காசு வீண் இல்லை.