கருடன் கொணர்ந்த கெடிலம்

திருவஹீந்திரபுரத்தில் எழுந்தருளியுள்ள தேவநாதப் பெருமாள் ஒரு சமயம் தாகத்திற்குத் தீர்த்தம் வேண்டினாராம். கருடாழ்வார் விண்ணேறிப் பறந்தார். அவர் திரும்பத் தாமதமாகவே, ஆதிசேஷன் தம் வாலால் நிலத்தைப் பிளந்து நீர் வரச் செய்தார். பிந்தி வந்த கருடன் வாடி நிற்க, அவர் கொணர்ந்ததையும் பெருமாள் உவந்து ஏற்றார். சேஷ தீர்த்தம் கோயிலினுள் கிணறாக நிற்கிறது. கருடன் கொணர்ந்த நீரே கெடிலமாக ஓடுகிறது என்கிறது தலபுராணம். கருட நதி என்பது அதன் மற்றொரு பெயர்.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி வரும் இச்சிற்றாறு, வான்மழையை நம்பி வாழ்வது. எனினும் இதன் கரை கண்ட அடியார் பெருமை அளவிடற்கரியது. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூர் இக்கரையில் உள்ளது. பலாவும் முந்திரியும் செழிக்கும் பண்ணுருட்டியை அடுத்து, அட்ட வீரட்டங்களுள் ஒன்றான திருவதிகை. தமக்கையார் திலகவதியார் திருநீறு அளிக்க, சூலை நோய் நீங்கப் பெற்ற அப்பர் பெருமான், அங்குப் பாடிய முதற்பதிகத்தின் பாடல்தோறும் இறைவன் பெயரோடு கெடிலத்தின் பெயரையும் சேர்த்தே அழைத்தார். ஆறும் தெய்வமும் அவருக்கு வேறாகத் தோன்றவில்லை போலும்!

திருவஹீந்திரபுரத்தில் நதி வடக்கு நோக்கித் திரும்பி உத்தரவாகினியாகிறது. எதிரே ஔஷதகிரி, அங்கே சுவாமி வேதாந்த தேசிகர் ஹயக்ரீவரை உபாசித்து அருள்பெற்றார். பின்னர்த் திருப்பாதிரிப்புலியூரைக் கடந்து, கடலூரில் வங்கக்கடலை அடைகிறது கெடிலம்.

தை மாதம் 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் ஆற்றங்கரைக்கு எழுந்தருளுவதை நம்மில் பலர் இளமையில் மணலில் அமர்ந்து கண்டிருப்போம். ஆண்டின் பல மாதங்கள் வறண்டும், ஊர்க் கழிவு சேர்ந்தும் கிடக்கும் ஆற்றை இன்றைய பேரப்பிள்ளைகள் காண்கின்றனர். சுவாமிக்குச் சாற்றிய மாலையைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் எறிபவரும், நீராடியபின் பழந்துணியை அங்கேயே விட்டு வருபவரும் நம்மவரே அல்லவா?

தாமதமாக வந்த தீர்த்தத்தையும் தள்ளாமல் ஏற்றவன் பெருமாள். நாமும் தாமதித்துவிட்டோம், ஆயினும் காலம் கடந்துவிடவில்லை. அடுத்த முறை கெடிலக்கரைக்குச் செல்லும்போது பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கருடன் கதையைச் சொல்லுங்கள். நிர்மாலியப் பூக்களை வீட்டுச் செடியின் வேரில் இடுங்கள். ஆற்றில் ஒன்றையும் விடாது, கைகூப்பி வணங்கித் திரும்புங்கள். கருடன் கொணர்ந்த நீருக்கு நாம் செய்யக்கூடிய கைங்கரியம் அதுவே.